விடாது தட்டிய கைம்பெண்: இணையத்தில் அவதூறுக்கு ஆளானோர் நீதி பெறும் வழி



லூக்கா நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் ஆண்டவர் இயேசு ஓர் உவமை சொல்கிறார். இறைவனைப் பற்றிய பயமோ மனிதரைப் பற்றிய அக்கறையோ இல்லாத ஒரு நடுவர். அவரிடம் நீதி கேட்டு நடையாய் நடந்த ஒரு கைம்பெண். பலநாள் அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. இறுதியில், இவளது தொல்லை தாங்க முடியவில்லை என்பதற்காகவே அவளுக்கு நீதி வழங்கினார். இடைவிடாமல் செபிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லப்பட்ட உவமை இது. அதே வேளையில், பணமும் செல்வாக்கும் இல்லாத ஓர் ஏழைப் பெண், காதுகொடுக்காத ஓர் அதிகாரியை எப்படி அசைத்தாள் என்ற உலக நடைமுறையும் இதில் அடங்கியிருக்கிறது. அந்த நடைமுறையை இன்று நாம் கற்றுக்கொள்ள வேண்டிய ஓர் இடம் இணையம்.

இணையத்தில் ஒருவரைப் பற்றி அவதூறு எழுதுகிறார்கள். ஒரு பெண்ணின் முகத்தை வேறு ஓர் ஆபாசப் படத்தோடு ஒட்டிப் பரப்புகிறார்கள். ஒருவரது பெயரில் போலிக் கணக்கு தொடங்குகிறார்கள். சாதியைச் சொல்லி இழிவுபடுத்துகிறார்கள். இவற்றை நீக்கும் அதிகாரம் அந்தந்த வலையமைப்பின் நிர்வாகிகளிடம் இருக்கிறது. நிர்வாகி என்றால் கடல் கடந்து இயங்கும் பெரிய நிறுவனமும் உண்டு, நம் தெருவில் வாட்ஸ்அப் குழு நடத்துபவரும் உண்டு. இவர்கள் பதில் தராதபோது என்ன செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நம் மாவட்டத்தில் நடந்த துயரம்

2016 ஜூன் மாதம் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம் பட்டதாரிப் பெண்ணின் முகம், ஆபாசமாக மாற்றப்பட்ட படத்தில் ஒட்டப்பட்டு முகநூலில் வெளியிடப்பட்டது. குடும்பத்தினர் காவல்துறையிடம் புகார் செய்தனர். முகநூல் நிறுவனத்திடமிருந்து தகவல் வர நாளாகும் என்று காரணம் சொல்லப்பட்டது. அந்த நாட்களுக்குள் இன்னொரு படமும் வெளியானது. புகாரை விசாரிக்கக் காவலர் ஒருவர் கைப்பேசி ஒன்றை இலஞ்சமாகப் பெற்றார் என்பதும் பின்னர் தெரியவந்தது. புகார் கொடுத்த சில நாட்களிலேயே அந்தப் பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். குற்றம் சாட்டப்பட்ட இளைஞர் அதன்பிறகு விரைவிலேயே கைது செய்யப்பட்டார்.

அந்தப் பெண் விட்டுச்சென்ற கடிதத்தில், தான் யாருக்கும் அத்தகைய படத்தை அனுப்பவில்லை என்றும், சொந்த வீட்டாரே தன்னை நம்பவில்லை என்றும் எழுதியிருந்தார். ஆக, மூன்று கதவுகள் அவருக்கு மூடியிருந்தன. நிறுவனம் பதில் தரவில்லை. காவல் நிலையம் காலம் கடத்தியது. வீட்டில் நம்பிக்கை இல்லை. இந்த மூன்றில் முதல் இரண்டைத் திறக்கச் சட்டமும் விடாமுயற்சியும் வேண்டும். மூன்றாவதைத் திறக்க நாம் மட்டும் போதும்.

கெங்கவல்லி, ஆத்தூர், தம்மம்பட்டி பகுதிகளை நினைத்துப் பார்ப்போம். மரவள்ளிக் காட்டில் வேலை செய்கிறவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. பிள்ளைகள் ஆத்தூருக்கும் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் படிக்கப் போகிறார்கள். ஊர்க் குழு, தெருக் குழு, வகுப்புக் குழு, பங்கின் பாடகர் குழு என்று ஆளுக்குப் பத்து வாட்ஸ்அப் குழுக்கள். குற்றம் செய்கிறவன் பெரும்பாலும் தெரிந்தவனாக, பக்கத்துத் தெருக்காரனாகவே இருக்கிறான். ஆனால் அந்தப் படத்தை நீக்க வேண்டியவரோ கலிபோர்னியாவில் இருக்கிறார். இந்த இடைவெளியில்தான் ஏழைக் குடும்பங்கள் திகைத்து நின்றுவிடுகின்றன.

ஏன் பதில் வருவதில்லை?

இதன் காரணங்களைத் தெரிந்துகொண்டால் புகாரைச் சரியாக எழுதலாம்.

முதலாவது, எண்ணிக்கை. பெரிய நிறுவனங்களுக்கு வரும் புகார்களை முதலில் பார்ப்பது பெரும்பாலும் கணினி நிரல்களே. பட்டியலில் உள்ள பொத்தான்களில் தவறானதை அழுத்தினால் புகார் தவறான வரிசைக்குப் போய், விதிமீறல் இல்லை என்ற பதில் தானாகவே வந்துவிடும்.

இரண்டாவது, மொழி. ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ் வசைச்சொல்லையும், நம் ஊரில் மட்டும் புரியும் சாதி இழிசொல்லையும் அந்த நிரல்கள் எளிதில் அறிவதில்லை. அதன் பொருளையும், அது ஏன் புண்படுத்துகிறது என்பதையும் நாம்தான் விளக்கி எழுத வேண்டும்.

மூன்றாவது, முழுமையற்ற புகார். என்னைப் பற்றித் தவறாகப் போட்டிருக்கிறார்கள், நீக்குங்கள் என்று மட்டும் எழுதினால் எதை நீக்குவது என்று அவர்களுக்குத் தெரியாது.

நான்காவது, சட்டத்தின் அமைப்பு. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 79-ஆம் பிரிவு, பிறர் வெளியிடும் செய்திகளுக்கு இடைநிலை நிறுவனங்கள் பொறுப்பாகாதபடி பாதுகாப்புத் தருகிறது. ஆனால் இந்தப் பாதுகாப்பு நிபந்தனையோடு கூடியது. அரசு விதித்த கவனக் கடமைகளை நிறுவனம் நிறைவேற்ற வேண்டும். எனவே முறைப்படி எழுத்தில் புகார் சேர்ந்துவிட்டது என்பதற்கான ஆதாரம் மிகவும் முக்கியமானது. எங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாத நிலைக்கு நிர்வாகியைக் கொண்டுவருவதே புகாரின் நோக்கம்.

படிப்படியாக ஏறும் முறை

மத்தேயு நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தில், குற்றம் செய்த சகோதரனிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஆண்டவர் ஒரு முறை வகுத்துத் தருகிறார். முதலில் நேரில் சென்று சொல்ல வேண்டும். கேளாவிடில் ஓரிருவரைச் சாட்சிகளாக அழைத்துச் செல்ல வேண்டும். அதற்கும் இணங்காவிடில் திருச்சபையிடம் கொண்டுபோக வேண்டும். கீழ்ப்படியில் கேளாதபோது மேல்படிக்கு ஏறுவது, ஒவ்வொரு படியிலும் சாட்சி வைத்திருப்பது ஆகிய இரண்டும் இதில் உள்ளன. இணையப் புகாருக்கும் இவ்விரண்டே அடிப்படை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நிர்வாணப் படம், குழந்தைகள் தொடர்பான படம், பணம் கேட்டு மிரட்டல், கொலை மிரட்டல் ஆகியவற்றில் படிப்படியாகக் காத்திருக்கக் கூடாது. குற்றவாளியிடம் நேரில் பேசிப் பார்ப்பதும் கூடாது. அன்றைய தினமே காவல்துறைக்குச் செல்ல வேண்டும். நிறுவனத்துக்கான புகாரையும் அதே நாளில் அனுப்பலாம்.

சான்றுகளைச் சேர்த்தல்: பார்த்தவுடன் ஆத்திரத்தில் அழித்துவிடக் கூடாது. அந்தப் பதிவின் முழு இணைய முகவரியையும், வெளியிட்ட கணக்கின் முகவரியையும் நகலெடுத்து வைக்க வேண்டும். தேதி, நேரம் தெரியும்படி திரைப்படி எடுக்க வேண்டும். படம் கைப்பேசிக்கு வந்திருந்தால் அந்தக் கைப்பேசியையே பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பாரதிய சாக்ஷ்ய அதிநியமம், 2023-இன் 63-ஆம் பிரிவின்படி மின்னணுச் சான்றுக்கு உரிய சான்றிதழ் இணைக்க வேண்டியிருப்பதால், மூலக் கருவி பின்னர் தேவைப்படும். ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில், எந்த நாளில் யாரிடம் புகார் கொடுத்தோம், என்ன எண் தந்தார்கள், என்ன பதில் வந்தது என்று வரிசையாக எழுதி வரவேண்டும். நீதிமன்றம் வரை போகும்போது இந்த நோட்டே நமக்குப் பேசும்.

முதல் படி, குழு நிர்வாகி: வாட்ஸ்அப் குழுவில் வந்த அவதூறு என்றால், குழு நிர்வாகியிடம் எழுத்தில் கேட்க வேண்டும். பிறர் இட்ட செய்தியைக் குழுவிலிருந்து எல்லோருக்குமாக நீக்கும் வசதி 2022 முதல் நிர்வாகிக்கு இருக்கிறது. அனுப்பியவரை வெளியேற்றவும் முடியும். உறுப்பினர் ஒருவர் இட்ட செய்திக்கு, நிர்வாகி என்ற ஒரே காரணத்தால் குற்றப் பொறுப்பு வராது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இலும், கேரள உயர் நீதிமன்றம் 2022-இலும் கூறியுள்ளன. சட்டம் விட்டுவைத்தாலும் மனச்சான்று விட்டுவைக்குமா என்று நிர்வாகிகள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி, நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி: 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட இடைநிலை நிறுவன விதிகளின்படி, ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர் அதிகாரி ஒருவரை நியமித்து, அவரது பெயரையும் தொடர்பு விவரங்களையும் தன் தளத்தில் வெளியிட வேண்டும். புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். 15 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்றிருந்த காலக்கெடுவை 2026 பிப்ரவரியில் வந்த திருத்தம் 7 நாட்களாகக் குறைத்தது. நிர்வாணப் படங்கள், பாலியல் படங்கள், மாற்றியமைக்கப்பட்ட படத்தால் ஒருவர்போல் நடித்தல் ஆகியவற்றில், பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் மற்றொருவரோ புகார் தரலாம். இவற்றை 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்றிருந்ததும் அதே திருத்தத்தால் 2 மணி நேரமாகியது. ஆகவே பதிவின் அருகிலுள்ள புகார்ப் பொத்தானை அழுத்துவதோடு நின்றுவிடாமல், குறைதீர் அதிகாரிக்குத் தனியாக எழுதுவது அவசியம்.

புகாரை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதுவது நலம். அது நீளமாக இருக்கத் தேவையில்லை. இவ்வாறு எழுதலாம்:

"நான் இந்தப் படத்தில் காட்டப்படும் நபர். இப்படம் என் சம்மதமின்றி மாற்றியமைக்கப்பட்டு, கீழ்க்காணும் முகவரியில், இந்தத் தேதியில் வெளியிடப்பட்டுள்ளது. இது 2021-ஆம் ஆண்டின் விதி 3(2)(ஆ)-இன் கீழ் வரும் புகார். இதனை உடனே நீக்கவும், வெளியிட்ட கணக்கின் விவரங்களை விசாரணைக்காகப் பாதுகாத்து வைக்கவும் கேட்டுக்கொள்கிறேன். புகாரின் எண்ணைத் தெரிவிக்கவும்."

ஒரு புகாரில் ஒரு முகவரி மட்டும் கொடுத்துவிட்டு நிற்கக் கூடாது. அதே படம் பத்து இடங்களில் இருந்தால் பத்து முகவரிகளையும் வரிசையாகக் குறிப்பிட வேண்டும். கோபச் சொற்களையும் நீண்ட வரலாற்றையும் தவிர்த்தால், படிப்பவர் செயல்படுவது எளிதாகும்.

மூன்றாம் படி, மேல்முறையீடு: குறைதீர் அதிகாரியின் முடிவு நியாயமாக இல்லையென்றால், 30 நாட்களுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குச் செல்லலாம். 2022 அக்டோபர் திருத்தத்தின்படி இத்தகைய மூன்று குழுக்கள் 2023 ஜனவரியில் அமைக்கப்பட்டன. இதற்கு டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. விண்ணப்பிப்பது முதல் முடிவு வரை அனைத்தும் இணையவழியே நடக்கும். பெரிய நிறுவனங்கள் இந்தக் குழுவின் உத்தரவை ஏற்றாக வேண்டும் என்பதால் இது பயனுள்ள படி. ஆனால் நம் மக்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

நான்காம் படி, தளத்துக்கு இடம் தரும் நிறுவனம்: சில படங்கள் முகநூல் போன்ற இடங்களில் இல்லாமல், முகவரி தெரியாத ஆபாசத் தளங்களில் கிடக்கும். அத்தளத்தை நடத்துபவர் பதில் தரமாட்டார். அப்போது அவருக்குக் கணினியில் இடம் வாடகைக்குத் தரும் நிறுவனத்தையும், தளத்தின் பெயரைப் பதிவு செய்து தந்த நிறுவனத்தையும் அணுக வேண்டும். வாடகைக்கு இருப்பவர் தவறு செய்தால் வீட்டுக்காரரிடம் முறையிடுவது போன்றது இது. "ஹூ இஸ்" என்ற தேடல் வசதியில் தளத்தின் பெயரை இட்டால் பதிவு நிறுவனத்தின் பெயரும் புகார் முகவரியும் பெரும்பாலும் கிடைக்கும். ஒவ்வொரு வலையமைப்பும் "அப்யூஸ்" என்ற பெயரில் ஒரு புகார் மின்னஞ்சல் பெட்டி வைத்திருக்க வேண்டும் என்று இணையப் பொறியாளர்கள் 1997-லேயே ஒரு பொது மரபை எழுதி வைத்தனர். அது இன்றும் வழக்கில் உள்ளது. மேலும், தன் சம்மதமின்றி வெளியான அந்தரங்கப் படங்களைத் தேடல் முடிவுகளிலிருந்து நீக்கக் கூகுள் நிறுவனத்திடம் தனியாக விண்ணப்பிக்கலாம். படம் அந்தத் தளத்தில் இருந்தாலும், பெயரைத் தேடுவோர் கண்ணில் படாமல் போகும்.

ஐந்தாம் படி, காவல்துறை: தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. அதில் பெயரைச் சொல்லாமலும் புகார் தரலாம். மிரட்டிப் பணம் பறித்திருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு மிக முக்கியமானது. குற்றம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம் என்று அது சொல்கிறது. எனவே கெங்கவல்லிப் பெண் ஒருவர் சேலத்துக்குப் போனால்தான் புகார் கொடுக்க முடியும் என்பதில்லை. தகவலை மின்னணு வழியில் அனுப்பி மூன்று நாட்களுக்குள் கையெழுத்திடவும் செய்யலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். வழக்குப் பதிய மறுத்தால், புகாரின் சாரத்தை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம். அதற்கும் பயனில்லை எனில் குற்றவியல் நடுவரிடம் விண்ணப்பிக்கலாம். குறைந்தது சி.எஸ்.ஆர். ரசீதாவது கையில் இல்லாமல் காவல் நிலையத்தை விட்டு வரக் கூடாது. அந்தரங்கத்தைப் படம்பிடித்துப் பரப்புவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவின்படி 3 ஆண்டு வரையும், பாலியல் செயல் காட்டும் படங்களைப் பரப்புவதற்கு 67-ஏ பிரிவின்படி முதல் முறையே 5 ஆண்டு வரையும் சிறைத்தண்டனை உண்டு.

ஆறாம் படி, நீதிமன்றம்: 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. பெண் வழக்கறிஞர் ஒருவரின் அந்தரங்கக் காட்சிகள் அவரது சம்மதமின்றிப் பல தளங்களில் பரவியிருந்தன. அவற்றை 48 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்குமாறு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு உத்தரவிட்டார். நீக்கியபின்னும் அவை வேறு இடங்களில் தலைகாட்டின. வழக்கு தொடர்ந்து நடந்ததன் பயனாக, இத்தகைய படங்களை நீக்குவதற்கான நிலையான வழிமுறை ஒன்றை மத்திய அரசு அந்த ஆண்டு நவம்பரில் வெளிக்கொணர்ந்தது. சட்டம் படித்த ஒருவரே இவ்வளவு போராட வேண்டியிருந்தது என்றால், நம் ஊர்ப் பெண்கள் தனியாக என்ன செய்வார்கள்? ஆனால் ஒருவர் விடாமல் தட்டியதால் மற்ற பலருக்கும் கதவு திறந்தது என்பதும் உண்மை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி வழங்க 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வழிசெய்கிறது. 15100 என்ற எண்ணிலும், ஆத்தூர் போன்ற நீதிமன்றம் உள்ள ஊர்களின் வட்ட சட்டப் பணிகள் குழுவிலும் கேட்கலாம்.

மீண்டும் மீண்டும் வந்தால்

ஒரு படத்தை நீக்கினால் நாளை வேறொரு கணக்கில் வருகிறதே என்று பலர் சோர்ந்துபோகிறார்கள். இதற்காக "ஸ்டாப் என்.சி.ஐ.ஐ." என்ற சேவை 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. இதில் நம் படம் யாருக்கும் அனுப்பப்படுவதில்லை. நம் கைப்பேசியிலேயே அந்தப் படத்துக்கு ஒரு கைரேகை போன்ற எண் உருவாக்கப்பட்டு, அந்த எண் மட்டும் முகநூல், இன்ஸ்டாகிராம் முதலிய பங்கேற்கும் நிறுவனங்களுக்குப் போகிறது. அதே படத்தை யாராவது ஏற்ற முயன்றால் அடையாளம் கண்டு தடுக்க இது உதவுகிறது. 18 வயது நிறைவதற்குமுன் எடுக்கப்பட்ட படங்களுக்கு "டேக் இட் டவுன்" என்ற இதே போன்ற சேவை 2023 முதல் உள்ளது. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.

குழந்தைகள் விஷயத்தில் தனிக் கவனம் தேவை. 18 வயதுக்குட்பட்டோரின் பாலியல் படத்தைச் சான்றுக்காக என்று சொல்லி நாமே சேமிப்பதும், காட்டுவதற்காகப் பிறருக்கு அனுப்புவதும் நம்மையே குற்றத்தில் சிக்கவைக்கும். அத்தகைய படத்தைப் பார்ப்பதும் வைத்திருப்பதும் எவ்வளவு கடுமையான குற்றம் என்பதை, தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. இணைய முகவரியை மட்டும் குறித்துக்கொண்டு காவல்துறைக்கோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது போக்சோ சட்டப்படி தவறு. செய்தவர் ஆசிரியரானாலும், பங்குப் பணியாளரானாலும், குருவானவரானாலும் இதுவே முறை. திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் வெளியிட்ட "வோஸ் எஸ்திஸ் லூக்ஸ் முந்தி" என்னும் மடலும் இத்தகைய படங்களை வைத்திருத்தலையும் பரப்புதலையும் திருச்சபைக்குள் விசாரிக்கப்பட வேண்டிய குற்றங்களில் சேர்த்துள்ளது. நம்மவர் என்று மூடி மறைப்பது நற்செய்திக்கு முரணானது.

பங்கு மக்களின் கடமை

இணையத்தில் சிறியோரின் மாண்பைக் காப்பது பற்றி 2017 அக்டோபரில் உரோமை கிரகோரியன் பல்கலைக்கழகத்தில் உலக மாநாடு ஒன்று நடந்தது. அதில் பங்கேற்றவர்களைத் திருத்தந்தை பிரான்சிஸ் சந்தித்து உரையாற்றினார். 2019-இல் இளையோருக்கு எழுதிய "கிறிஸ்து வாழ்கிறார்" என்ற திருத்தூது ஊக்கவுரையிலும் இணையத்தில் நடக்கும் வன்கொடுமைகளைக் குறித்து எச்சரித்தார். உலகத் திருச்சபை சொல்வதை நம் பங்கில் எப்படிச் செயலாக்குவது?

முதலாவது, நம்ப வேண்டும். ஏன் படம் போட்டாய், ஏன் அவனோடு பேசினாய் என்ற கேள்விகளை முதல் நாளில் கேட்கக் கூடாது. நீ தவறு செய்யவில்லை, நாங்கள் உன்னோடு இருக்கிறோம் என்ற ஒரு சொல் உயிரைக் காக்கும். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் தனியாக விடக் கூடாது. 14416 என்ற டெலி மனஸ் எண்ணிலும் 104 என்ற எண்ணிலும் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது.

இரண்டாவது, உடன் செல்ல வேண்டும். ஆண்டவர் சொன்ன அந்த ஓரிரு சாட்சிகள் நாமாக இருக்க முடியும். கணினி தெரிந்த இளையோர் இயக்கத்துப் பெண் ஒருவர் புகாரை எழுத உதவலாம். அன்பியத்தில் உள்ள விவரம் தெரிந்த ஒரு தாய் காவல் நிலையத்துக்கு உடன் போகலாம். பங்குப் பேரவையில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தைக் கவனித்து, காலக்கெடு முடிந்ததும் அடுத்த படிக்கு நினைவூட்டலாம். ஆனால் பாதிக்கப்பட்டவரின் அனுமதியின்றி ஒருவரிடமும் செய்தியைச் சொல்லக் கூடாது. செபத்துக்காக என்று சொல்லி அன்பியக் கூட்டத்தில் பெயரை வெளியிடுவதும் கூடாது.

மூன்றாவது, நாம் பரப்பக் கூடாது. பிறர் மீது ஆதாரமின்றிக் குற்றம் காண்பது, பிறர் குறையைத் தேவையின்றி வெளியிடுவது, பொய்யான அவதூறு ஆகிய மூன்றையும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2477-ஆம் எண்ணில் கண்டிக்கிறது. மேலும், பிறர் நற்பெயரைக் கெடுத்தவர் அதற்கு ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் என்று 2487-ஆம் எண்ணில் போதிக்கிறது. ஆகவே ஒரு குழுவில் அவதூறை அனுப்பியவர் ஒப்புரவு அருட்சாதனத்தில் அறிக்கையிட்டதோடு கடமை முடிந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. அனுப்பிய அதே குழுவில், அது பொய் என்று எழுதி, நீக்கச் சொல்லிக் கேட்பதும் பரிகாரத்தின் பகுதி.

நான்காவது, நம் பங்கின் குழுக்களைச் சீர்செய்ய வேண்டும். பீடப் பூக்கள், மறைக்கல்வி, பாடகர் குழு, மாதர் சங்கம் என நாம் நடத்தும் ஒவ்வொரு குழுவுக்கும் பொறுப்பான நிர்வாகி யார், அவரிடம் புகார் தந்தால் எத்தனை மணி நேரத்தில் பதில் தருவார் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து அறிவிக்கலாம். பெண்கள் பயமின்றிப் பேச ஒரு பெண் நிர்வாகியும் இருப்பது நல்லது. முகநூல் நிறுவனம் பதில் தரவில்லை என்று குறைசொல்லும் நாமே, நமக்கேன் வம்பு என்று நம் குழுவில் வந்த அவதூறைப் பார்த்தும் பாராமல் இருந்தால், உவமையில் வரும் அந்த நடுவரின் இருக்கையில் நாம் அமர்ந்திருக்கிறோம் என்று பொருள்.

அன்பார்ந்தவர்களே, அந்தக் கைம்பெண்ணுடன் யாராவது உடன் சென்றதாக லூக்கா சொல்லவில்லை. அவள் தனியாகவே நடந்தாள். தனியாகவே திரும்பி வந்தாள். அவளுக்குப் பக்கத்து வீட்டார் இருந்திருப்பார்கள், உறவினர் இருந்திருப்பார்கள். ஆனால் நடுவரின் வாசலில் அவள் ஒருத்திதான் நின்றாள். இன்று நம் ஊரில் ஒரு மகள் கைப்பேசியைப் பார்த்து விம்மிக்கொண்டிருந்தால், அவள் அப்படித் தனியாக நடக்க வேண்டிய நிலை வரக் கூடாது. உவமையின் முடிவில், மானிட மகன் வரும்போது மண்ணுலகில் நம்பிக்கையைக் காண்பாரோ என்று ஆண்டவர் கேட்கிறார். புகார் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவளோடு பேருந்து ஏறும் ஒருவரிடம் அந்த நம்பிக்கையை அவர் நிச்சயம் காண்பார். அந்த ஒருவராக இருக்க நமக்கு அருள் வேண்டி மன்றாடுவோம்.